ஹெரால்ட் கணக்கு: குன்னூரில் ஒரு பழைய கார் சம்பாதித்ததும் தின்றதும்

2009இல் ₹90,000க்கு வாங்கிய பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், 2024 செப்டம்பரில் ₹6,50,000க்கு விலைபோனது. பதினைந்து வருடத்தில் ஏழு மடங்குக்கு மேல். கூட்டு வட்டிக் கணக்கில் வருடத்துக்கு 14 சதவீதம். 'பழைய கார் தங்கம் மாதிரி' என்று சொல்லும் குன்னூர் டீக்கடைகளில் கதை இந்த இரண்டு எண்ணோடு நின்றுவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டு, ஷெட்டில் கிடக்கும் தாத்தா காலத்து பியட்டை எடைக்குப் போடாமல் நிறுத்தி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

காரின் சொந்தக்காரர் என் பெரியப்பா மகன். நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், இங்கேயும் அண்ணனாகவே இருக்கட்டும். வாங்கிய நாளிலிருந்து ஒரு நீள நோட்டில் செலவுகளை எழுதி வந்தவர். விற்ற பிறகு நோட்டை என்னிடம் தள்ளி, "நீதான் பேங்க்ல இருந்தவன், கூட்டிப் பார்த்துச் சொல்லு தம்பி, எனக்குத் தைரியம் இல்லை" என்றார். அந்த நோட்டை வைத்து எழுதியதுதான் இது.

கார்

1970ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நான்கு கதவு. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் செய்தது. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவம் போட்டவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. 948 சிசி இன்ஜின். பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் என்பதால் மலைக்கு இதைவிட ஏற்ற கார் அந்தக் காலத்தில் கிடையாது. எஸ்டேட் ரோட்டில் அம்பாசிடர் ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும் வளைவை இது ஒரே மூச்சில் முடித்துவிடும். இன்ஜின் சிறிசு என்பதால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அது வேறு விஷயம். ஊட்டி உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், எந்தப் பழைய பெட்ரோல் இன்ஜினும் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை மெலிந்த காற்றுக்கே கொடுத்துவிடுகிறது.

நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்யப்பட்டது. இங்கிலாந்துக்காரர்களே செய்யாததை வண்டலூரில் செய்தார்கள் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். பெருமைதான். ஆனால் பர்ஸுக்கு அது ஒரு தொல்லை. இங்கிலாந்தில் டிரையம்ப் வண்டிகளுக்கு இன்றைக்கும் புது உதிரிபாகம் செய்து விற்கிறார்கள். நம் பின் கதவுக்கும் அதன் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் அங்கே போய் நிற்க முடியாது. சென்னை புதுப்பேட்டையில் ஆள் வைத்துத் தேட வேண்டும், இல்லையென்றால் கையால் அடித்துச் செய்ய வேண்டும். இங்கே தயாரான பழைய வண்டிகள் பலவற்றில் இப்படி ஏதாவது ஒரு முடிச்சு உண்டு. "உலகம் முழுக்க பார்ட்ஸ் கிடைக்குது" என்று விற்பவர் சொன்னால் எந்தப் பார்ட்ஸ் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நோட்டில் இருப்பது

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா கைமாறியபோது ஷெட்டில் கிடந்த வண்டி இது. விலை ₹90,000. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த கூலி, பெயர் மாற்றம், கைச்செலவு எல்லாம் சேர்ந்து ஒரு ₹10,000. ஆக முதல் ஒரு லட்சம்.

2010 தொடங்கி 2012 முடிய ரெஸ்டோரேஷன், அதாவது வண்டியைப் பழையபடி புதுசாக்கும் வேலை, நடந்தது. அதற்கு ₹3,40,000. இதில் பெரிய துண்டு எது தெரியுமா? எல்லோரும் இன்ஜின் என்பார்கள். போர் எடுத்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, கியர்பாக்ஸும் பிரித்துப் போட்டதற்கு ₹70,000தான் ஆனது. டிங்கரிங்குக்கும் சேஸிஸ் வெல்டிங்குக்கும் மட்டும் ₹1,10,000. பெயின்டுக்குத் தனியாக ₹60,000.

கடல் காற்று கிடையாது, உப்பு கிடையாது, அதனால் மலை வண்டி துருப்பிடிக்காது என்று கீழேயிருந்து வருகிறவர்கள் நம்புகிறார்கள். நீலகிரியில் வண்டி வாங்க ஆசைப்படுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜூனில் தொடங்கும் ஈரம், வடகிழக்குப் பருவமழை முடியும்வரை விடுவதில்லை. தகரக் கூரை ஷெட்டில் ராத்திரிப் பனி கூரையின் உள்பக்கம் கோர்த்து விடியற்காலையில் சொட்டும். ஓட்டாமல் நிற்கிற வண்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஹெரால்டுக்கு பாடி தனி, சேஸிஸ் தனி. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் உளுத்துப்போகும், அது பெயின்டுக்கு மேலே தெரியாது. அண்ணன் வண்டியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. அதோடு ஹெரால்டின் பாடி பல துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்தது. கழற்றுவது சுலபம். திரும்ப மாட்டும்போது கதவு இடுக்கும் பானெட் இடுக்கும் ஒரே அளவில் வரவேண்டுமே, அதற்குப் போன கூலிதான் பெரும் கூலி.

வேலை பார்த்த பாய் எழுபதைத் தாண்டியவர். இந்த வண்டியின் முன் சக்கரத்தின் கீழ் மூட்டில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, டிரனியன் என்பார்கள். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுக்கிற மெக்கானிக்கால் உள்ளே மரை காய்ந்து, துருவேறி, ஒருநாள் சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். பர்லியார் இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாய் வண்டியைத் தூக்கியதும் முதலில் அதைத்தான் கழற்றினார். நல்லவேளையாக டிரையம்ப் ஸ்பிட்பயருக்கும் இதே மூட்டு என்பதால் இங்கிலாந்திலிருந்து புதுசு வந்தது. பொருள் விலைக்குச் சமமாகக் கூரியரும் சுங்கவரியும் கட்டினார்கள். பாய் இப்போது பட்டறையை மூடிவிட்டார். ஒரு பழைய காரை அடுத்த பத்து வருடம் வைத்திருக்கப்போகிறவர், காரின் வயதோடு மெக்கானிக்கின் வயதையும் கேட்க வேண்டும்.

2013இலிருந்து வருடப் பராமரிப்பு. டயர், பேட்டரி, டியூனிங், பிரேக் சிலிண்டர் கிட், இன்சூரன்ஸ் என்று சராசரியாக ₹20,000. பன்னிரண்டு வருடத்துக்கு ₹2,40,000. கடைசி வருடங்களில் செலவு ஏறியதற்கு ஒரு காரணம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாபிரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். ஈரத்தையும் இழுக்கும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்க் துருப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். ஆர்.சி. புதுப்பிப்பும் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ₹600 ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ₹5,000 ஆனது. 2025இல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு ₹10,000 ஆக்கிவிட்டார்கள்.

கூட்டினால்: ஒரு லட்சம், மூன்று லட்சத்து நாற்பதாயிரம், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மொத்தம் ₹6,80,000. வந்தது ₹6,50,000. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ₹30,000 நஷ்டம்.

ஷெட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. குன்னூரில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பக்கத்து வீட்டுக்காரர் மாதம் ₹1,500 தருகிறேன், ஷெட்டைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்க்கவில்லை. அவற்றை நஷ்டம் என்று எழுதினால் அண்ணி ஒத்துக்கொள்ளலாம், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தங்கத்தோடு வைத்துப் பார்த்தால்

'தங்கம் மாதிரி' என்று டீக்கடையில் சொன்னார்கள் அல்லவா, சரி, தங்கத்தையே வைத்துப் பார்ப்போம். 2009இல் சவரன் ₹11,500 பக்கம். வேலை நடந்த மூன்று வருடத்தில் மளமளவென்று ஏறியது, சராசரியாக ₹18,000 என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய செலவுக்கும் ரெஸ்டோரேஷன் செலவுக்கும் தங்கம் வாங்கியிருந்தால் 27 சவரன் வந்திருக்கும். 2024 செப்டம்பர் தொடக்கத்தில் சவரன் சுமார் ₹53,000. ஆக ₹14 லட்சத்துக்கு மேல். அதே பணத்தை 7.5 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால்கூட, வரிக்கு முன் ₹11.6 லட்சம் வந்திருக்கும். இரண்டிலும் பராமரிப்புப் பணத்தை நான் முதலீடு செய்யவே இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். அதற்கப்புறமும் இவ்வளவு இடைவெளி.

அந்தப் பதினைந்து வருடம் தங்கத்துக்கு நல்ல காலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறொரு வித்தியாசம் எந்தக் காலத்திலும் மாறாது. தங்கத்தை எடுத்துக்கொண்டு போனால் அன்றைக்கே கடன் கிடைக்கும். 54 வருட ஹெரால்டை ஈடாகக் காட்டினால் எங்கள் மேனேஜர் சிரித்திருப்பார்.

லாபம் யாருக்கு

அண்ணன் முதலில் ₹9 லட்சம் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், போனார்கள். நடுவில் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது. கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பாஸ் எடுத்துக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். அவர் அப்பாவிடம் ஹெரால்டு இருந்ததாம். அரை மணி நேரம் ஓட்டினார், பேரம் பேசினார், ₹6,50,000க்கு முடிந்தது.

அவருக்குக் கிடைத்ததைப் பாருங்கள். ₹6,80,000 செலவழிக்கப்பட்ட வண்டி அதற்குக் குறைவாகக் கிடைத்தது. அந்தச் செலவில் பாதிக்கு மேல் பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய கூலியில் ஆனது. இன்றைய கூலியில் அதே வேலையைச் செய்யச் சொன்னால் எந்தப் பட்டறையும் அந்தத் தொகைக்கு ஒத்துக்கொள்ளாது. பழைய கார் சந்தையில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. உளுத்த வண்டியை வாங்கிப் புதுசாக்குகிறவர் செலவழிக்கிறார். அலுத்துப்போய் விற்கும்போது அடுத்தவர் அந்த உழைப்பைத் தள்ளுபடியில் வாங்குகிறார். பணமாகப் பார்த்தால் ஆசைப்பட்டு நுழைய வேண்டிய இடம் இரண்டாவது ஆளின் இடம்.

வாங்கியவரின் வயதையும் கவனிக்க வேண்டும். பத்து வயதில் ஏங்கிய காரை ஐம்பதில் வாங்குகிறார்கள். ஹெரால்டுக்காக ஏங்கிய தலைமுறை இப்போது மலையேறி வர யோசிக்கும் வயதில் இருக்கிறது. அடுத்து வருகிறவர்கள் கான்டெஸாவையும் பழைய மாருதி 800ஐயும் தேடுகிறார்கள். இன்னும் சின்னவர்கள் யமஹா ஆர்எக்ஸ் 100க்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கிறார்கள். ஷெட் தேவைப்படாத பொருள் என்பதால் எனக்கென்னவோ அந்த பைக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று தோன்றுகிறது.

மடங்கு மடங்காகப் பணம் பண்ணியவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2022இல் ஒரு 1955 மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே 13.5 கோடி யூரோவுக்குப் போனது. உலகத்திலேயே அந்த வகையில் இரண்டுதான் இருந்தன. அப்படிப்பட்ட வண்டிகளின் சந்தையிலும் 1980களின் கடைசியில் ஃபெராரி விலைகள் வானத்துக்கு ஏறி, 1990க்குப் பிறகு தரையில் விழுந்தன. நம் பக்கத்தில், மும்பைக்காரர் ஒருவர் 1983இல் ₹20,000க்கு வாங்கிய 1931 ஃபோர்டு டூரரை ஒன்பது வருடத்துக்குள் ₹21 லட்சத்துக்கு விற்றார். நூறு மடங்குக்கு மேல். ஆனால் அந்தக் கதை வருமான வரி வழக்காகி, 2025இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது.

வரி

சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருளை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகப் பார்ப்பதில்லை. நகை, ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது, காருக்கு உண்டு. அதனால் பழைய காரை விற்று வந்த லாபத்துக்கு வரியே இல்லை என்று ஒரு பேச்சு நிலவுகிறது. அந்த ஃபோர்டு வழக்கில் கோர்ட் கேட்டது, நீ அதை ஓட்டினாயா என்று. சொந்த உபயோகத்துக்குத் தகுதியான கார் என்பது போதாது, நிஜமாகவே உபயோகித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லி, லாபத்துக்கு வரி உண்டு என்று தீர்ப்பானது.

அண்ணன் விஷயத்தில் இது எப்படி வரும்? அவர் ஓட்டியவர். ஞாயிறு மார்க்கெட், கல்யாணம், கோடை சீசனில் ஊட்டியில் நடக்கும் பழைய கார் அணிவகுப்பு என்று போய்க்கொண்டே இருந்தார், பில்லும் நோட்டும் இருக்கின்றன. ஒரு பேச்சுக்கு, ஓட்டாமல் மூடி வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வரிக் கணக்கில் வாங்கிய செலவும் ரெஸ்டோரேஷனும் கழியும், வருடாந்திரப் பராமரிப்பு கழியாது. ₹6,50,000இல் ₹4,40,000 போக ₹2,10,000 லாபம் என்று ஆகும். 12.5 சதவீதத்தில் ₹26,250 வரி. கையில் ₹30,000 நஷ்டப்பட்ட மனிதர் லாபத்துக்கு வரி கட்டியிருப்பார்!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 ஜூலையில் 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு விதிகள் வந்தன. புதிதாகப் பதிவு செய்தால் நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கட்டணம் ₹20,000, பத்து வருடத்துக்குச் செல்லும். கௌரவமான பலகைதான். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஓட்டினால்தான் சொந்த உபயோகம் என்று ஒரு பக்கம், ஓட்டாதே என்று இன்னொரு பக்கம். இரண்டும் நேரடியாக முட்டிக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. ராலிக்குப் போவதும் சொந்த உபயோகம்தான் என்று ஒரு நல்ல ஆடிட்டர் வாதாடுவார். வாதாட வேண்டியிருக்கும் என்பதுதான் விஷயம். அண்ணன் சாதாரணப் பதிவிலேயே இருந்துவிட்டார். அது சரியான முடிவு.

சினிமாவுக்கு வாடகைக்கு விட்டால் செலவு திரும்புமே என்று கேட்பார்கள். ஊட்டியில் ஷூட்டிங்குக்கா பஞ்சம்? கேட்டு வந்தார்கள். சொந்த போர்டு வண்டியைக் காசுக்கு விடக் கூடாது; விபத்து ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். அண்ணன் மறுத்துவிட்டார்.

இதே காலத்தில் கோத்தகிரியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் பழைய பெட்ரோல் ஜீப்பும் விலைபோனது. அவர் ஒரு நாளும் அதை ரெஸ்டோர் செய்யவில்லை. பச்சைத் தேயிலை மூட்டையும் விறகும் ஏற்றினார், பிரேக்கும் கிளட்சும் தேய்ந்தபோது மாற்றினார், அந்தச் செலவு தோட்டத்துச் செலவோடு போய்விட்டது. இன்ஜினை டீசலாக மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. விற்றபோது வந்தவர் முதலில் பார்த்தது இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். ஒத்துப்போனது. வந்த பணம் ஏறக்குறைய முழுக்க அவருக்கே நின்றது. ஆனால் அவரை முதலீட்டாளர் என்று யாரும் சொன்னதில்லை, அவருக்கு அது வேலை வண்டி.

இப்போது வெலிங்டனில் ஒருவர், இறந்துபோன அப்பாவின் 1974 பத்மினியை என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். முதலில் வாரிசுச் சான்றிதழ் எடுத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், புதுப்பிப்பு விட்டுப்போயிருந்தால் கட்டுங்கள் என்றேன். பழைய காகிதப் பதிவு கம்ப்யூட்டரில் ஏறாமல் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதையும் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பேப்பர் இல்லாத வண்டிக்கு இரும்பு விலைதான். விற்பதாக இருந்தால் பெயின்ட் அடிக்க வேண்டாம், பட்டி பூசி மூடிய துருவைப் பார்த்ததும் வாங்க வருகிறவர் பாதி விலைக்கு இறங்கிவிடுவார். வைத்துக்கொள்வதாக இருந்தால் கூரைக்குக் கீழே ஒரு தடுப்பு அடித்து, வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள், பெட்ரோல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். இதற்கு ஆகும் செலவு கேபிள் டிவி, கிளப் சந்தா மாதிரியான செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. டீக்கடைக் கணக்கைக் கேட்டுவிட்டு வந்தவர் போலிருக்கிறது.